கணினியின் பிழைக்கு யார் பொறுப்பு?

கணினி தவறு செய்யாது என்பது அரசு அலுவலகங்களில் இன்று ஏறக்குறைய வேதவாக்காகவே ஆகிவிட்டது. "சிஸ்டத்தில் அப்படித்தான் காட்டுகிறது" என்று எழுத்தர் சொல்லிவிட்டால் அதற்கு மேல் முறையீடு இல்லை. கோப்பில் தவறு இருந்தால் அதில் கையெழுத்திட்ட அலுவலரைக் கேட்கலாம். திரையில் தவறு இருந்தால் யாரைக் கேட்பது? மனு கொடுப்பவருக்கும் தெரியாது. மனுவை வாங்குபவருக்கும் தெரியாது.

ஆனால், அந்தத் திரைக்குப் பின்னால் இருந்து வேலை செய்யும் மென்பொருள் பொறியாளர்களுக்குக் கணினியின் மீது இத்தகைய நம்பிக்கை எதுவும் கிடையாது. கணினி மொழிகளோடும், அந்த மொழிகளைக் கையாள்வதற்கான கருவிகளோடும் நாள்தோறும் மல்லுக்கட்டுபவர்கள் அவர்கள். நேற்று மாலை வரை ஒழுங்காக ஓடிய நிரல் இன்று காலையில் ஏன் நின்றுபோனது என்று தேடுவது அவர்களது அன்றாட அலுவல். பிழை இல்லாத மென்பொருள் உண்டா என்று கேட்டால், அனுபவமுள்ள எந்தப் பொறியாளரும் சிரித்துவிடுவார்.

உருவாக்குபவர்களே முழுமையாக நம்பாத ஒன்றை, அரசும் சட்டமும் முழுமையாக நம்புகின்றன. இதன் விலையைக் கொடுப்பவர்கள் வரி செலுத்தும் வணிகரும், கூலிக்குக் காத்திருக்கும் தொழிலாளியும்தான். நாடாளுமன்றம் இதுவரை போதிய கவனம் செலுத்தாத பிரச்னை இது.

பொறியாளர்களின் எரிச்சல் எத்தகையது என்பதைப் புரிந்துகொள்ளச் சில உதாரணங்கள் போதும். பத்துப் பைசாவையும் இருபது பைசாவையும் கூட்டினால் முப்பது பைசா என்பது ஒன்றாம் வகுப்பு மாணவனுக்கும் தெரியும். ஜாவா, பைத்தான், ஜாவாஸ்கிரிப்ட் போன்ற புகழ்பெற்ற கணினி மொழிகளில் 0.1-ஐயும் 0.2-ஐயும் சாதாரண முறையில் கூட்டச் சொன்னால் 0.30000000000000004 என்று விடை வருகிறது. கணினி எண்களை இரண்டின் அடுக்குகளாகச் சேமிப்பதால், பத்தில் ஒன்று என்ற பின்னத்தை அதனால் துல்லியமாக எழுத முடிவதில்லை. பணக் கணக்குக்கு வேறு வழிமுறைகள் இருக்கின்றன. அவற்றை நினைவில் வைத்துப் பயன்படுத்த வேண்டியது பொறியாளரின் கடமை. அவர் மறந்துவிட்டால் மொழி அவரை எச்சரிப்பதில்லை.

இன்னொரு உதாரணம். பைத்தான் மொழியின் பழைய பதிப்பில் 5-ஐ 2-ஆல் வகுத்தால் விடை 2. 2008-இல் வெளிவந்த மூன்றாம் பதிப்பில் அதே வரிக்கு விடை 2.5. பழைய பதிப்புக்கான ஆதரவு 2020 ஜனவரி 1-ஆம் தேதியோடு நிறுத்தப்பட்டது. இடைப்பட்ட ஆண்டுகளில் உலகெங்கும் எத்தனையோ நிறுவனங்கள் தங்கள் நிரல்களை வரிவரியாகத் திருத்த வேண்டியிருந்தது.

மொழியை வடிவமைத்தவர்களே தவறை ஒப்புக்கொண்டதும் உண்டு. "மதிப்பு எதுவும் இல்லை" என்பதைக் குறிக்கும் ஒரு வசதியை 1965-இல் ஒரு கணினி மொழியில் சேர்த்தவர் பிரிட்டிஷ் அறிஞர் டோனி ஹோர். அதைத் தமது நூறு கோடி டாலர் தவறு என்று 2009-இல் அவரே வர்ணித்தார். எண்ணற்ற மென்பொருள்கள் திடீரென நின்றுபோவதற்கு அந்த வசதியே காரணமாக இருந்திருக்கிறது.

மொழிகளைவிடப் பெரிய தலைவலி கருவிகள். இன்றைய மென்பொருள் எதுவும் முழுவதும் ஒரே இடத்தில் எழுதப்படுவதில்லை. யாரோ எழுதிப் பொதுவில் வைத்த நூற்றுக்கணக்கான சிறு நிரல்களைச் சேர்த்துக் கட்டப்படுகிறது. 2016 மார்ச்சில், எழுத்துகளின் இடப்புறம் வெற்றிடம் சேர்க்கும் வெறும் 11 வரி நிரல் ஒன்றை அதன் ஆசிரியர் இணையக் கிடங்கிலிருந்து விலக்கிக்கொண்டார். அதைச் சார்ந்திருந்த மென்பொருள்களைப் புதிதாகக் கட்டும் பணி உலகெங்கும் தடைபட்டது. சில மணி நேரத்தில் அந்த நிரல் மீண்டும் வைக்கப்பட்ட பிறகே நிலைமை சீரடைந்தது.

2021 டிசம்பரில் லாக்-4-ஜே என்ற நிரலில் கண்டுபிடிக்கப்பட்ட ஓட்டையும் இதே கதைதான். நிகழ்வுகளைப் பதிவு செய்யும் சாதாரண வேலையைச் செய்யும் அந்த நிரல், வங்கிகள் முதல் அரசுத் துறைகள் வரை எங்கெங்கும் புகுந்திருந்தது. தங்களிடம் அது எங்கெல்லாம் இருக்கிறது என்பதைக் கண்டுபிடிக்கவே பல அமைப்புகள் திணறின. அதைப் பராமரித்து வந்தவர்களோ ஒரு சில தன்னார்வலர்கள்.

இந்தியாவுக்கென்று தனித் தொல்லைகளும் உண்டு. ஒரு லட்சம் என்பதை நாம் 1,00,000 என்று எழுதுகிறோம். கணினி மொழிகள் பலவும் இயல்பாக 100,000 என்றே காற்புள்ளி இடும். முதல் பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு கட்டங்களைக் கட்டாயமாக்கும் படிவம், தந்தையின் பெயரைத் தலைப்பெழுத்தாக மட்டும் வைத்துக்கொள்ளும் தமிழர்களைத் திண்டாட வைக்கிறது. ஒரு ஆவணத்தில் தலைப்பெழுத்து முன்னால் வரும். இன்னொன்றில் பின்னால் வரும். மூன்றாவதில் தந்தையின் முழுப்பெயரே குடும்பப் பெயராகிவிடும். பிறகு மூன்றும் ஒரே நபருடையவை அல்ல என்று கணினி சொல்லும்.

கருவிகள் மூப்படைவதும் ஒரு பிரச்னை. டிஜிட்டல் கையொப்பம் இடுவதற்காக நமது அரசு இணையதளங்கள் பல, ஜாவாவின் குறிப்பிட்ட பதிப்பையும் இன்டர்நெட் எக்ஸ்புளோரரையும் நம்பிக் கட்டப்பட்டன. புதிய உலாவிகள் அந்த ஜாவா முறையைக் கைவிட்ட பிறகும், அரசுத் தளங்களுக்காகவே பழைய உலாவியை விட்டுவைத்திருந்த தணிக்கையாளர்களும் ஒப்பந்ததாரர்களும் ஏராளம். 2022 ஜூனில் அந்த உலாவிக்கான ஆதரவையும் அதைத் தயாரித்த நிறுவனம் நிறுத்திக்கொண்டது.

இவையெல்லாம் பொறியாளர்களின் தொழில் சங்கடங்கள். இதில் நாடாளுமன்றத்துக்கு என்ன வேலை என்று கேட்கலாம். தனியார் செயலி ஒன்று பழுதானால் வாடிக்கையாளர் வேறு செயலிக்குப் போய்விடுவார். அரசின் இணையதளம் பழுதானால் குடிமகன் போக வேறு இடம் இல்லை. அதற்குள் கெடு தேதி கடந்துவிட்டால் அபராதம் செலுத்த வேண்டியவரும் அவரே.

வருமான வரித் துறையின் புதிய இணையதளம் 2021 ஜூன் 7-ஆம் தேதி தொடங்கப்பட்டது. எட்டரை ஆண்டுகளுக்கு ரூ. 4,242 கோடி மதிப்பிலான அந்தத் திட்டத்துக்கு 2019 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்திருந்தது. தொடங்கிய இரண்டே வாரங்களில் 700-க்கும் அதிகமான மின்னஞ்சல்கள் வாயிலாக 2,000-க்கும் மேற்பட்ட புகார்கள் குவிந்தன என்றும், அவற்றில் 90 தனித்தனிப் பிரச்னைகள் அடங்கியிருந்தன என்றும் நிதியமைச்சகமே தெரிவித்தது. ஆகஸ்டில் தளம் அடியோடு முடங்கியது. அதை உருவாக்கிய நிறுவனத்தின் தலைமை நிர்வாகியை நேரில் அழைத்து, செப்டம்பர் 15-க்குள் சரிசெய்யுமாறு நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் கெடு விதித்தார். கணக்குத் தாக்கல் செய்வதற்கான கடைசித் தேதி டிசம்பர் 31 வரை தள்ளிவைக்கப்பட்டது.

அதிலாவது, பாதிக்கப்பட்டவர்கள் லட்சக்கணக்கில் இருந்ததால் குரல் உரக்கக் கேட்டது. ஜிஎஸ்டியில் நடந்தது இன்னும் கவலைக்குரியது. 2017 ஜூலை 1-ஆம் தேதி நள்ளிரவில் புதிய வரி நடைமுறைக்கு வந்தபோது, பழைய வரி முறையில் தங்களுக்கு வரவேண்டியிருந்த வரவுத் தொகையைப் புதிய கணக்குக்கு மாற்றிக்கொள்ள டிரான்-1 என்ற படிவத்தை வணிகர்கள் இணையத்தில் தாக்கல் செய்ய வேண்டியிருந்தது. 2017 டிசம்பர் 27 கடைசி நாள். தளத்தின் கோளாறுகளால் பலரால் அதைத் தாக்கல் செய்ய இயலவில்லை.

இவர்களுக்காக 2018 ஏப்ரலில் குறைதீர்ப்பு ஏற்பாடு ஒன்று செய்யப்பட்டது. படிவத்தைத் தாக்கல் செய்ய உண்மையாகவே முயன்றதற்கான ஆதாரத்தை வணிகரே தரவேண்டும் என்பது நிபந்தனை. அந்த முயற்சி ஜிஎஸ்டி தளத்தின் பதிவேட்டில் இருக்கிறதா என்று சரிபார்க்கப்பட்டது. பதிவேட்டில் கோளாறுக்கான சுவடு இல்லை என்று கூறி மனுக்கள் நிராகரிக்கப்பட்டன. கணினி மீதான புகாரை விசாரிக்க, அந்தக் கணினியையே சாட்சிக்கு அழைத்தார்கள்.

வணிகர்கள் நாடெங்கும் உயர் நீதிமன்றங்களின் படிகளை ஏறினார்கள். தொழில்நுட்பச் சிக்கல் என்பதைக் குறுகிய பொருளில் பார்க்கக் கூடாது என்று 2020 மே மாதத்தில் தில்லி உயர் நீதிமன்றம் கூறியது. மத்திய அரசின் மேல்முறையீட்டில் அதற்குத் தடை கிடைத்தது. இறுதியில், 2022 ஜூலையில் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவின் விளைவாகவே, அந்த ஆண்டு அக்டோபர், நவம்பர் மாதங்களில் தளம் மீண்டும் திறந்துவிடப்பட்டது. சொந்தப் பணத்தைக் கேட்டுப் படிவம் தாக்கல் செய்ய ஏறக்குறைய ஐந்து ஆண்டுகள் காத்திருப்பு. பெரிய நிறுவனங்கள் வழக்குரைஞரை வைத்துக்கொள்ளும். சிறு வணிகர் என்ன செய்வார்?

வழக்குரைஞரும் இல்லாத, புகார் எழுதவும் தெரியாத மக்களின் நிலைமை அதைவிட மோசம். ஊரக வேலை உறுதித் திட்டப் பணியிடங்களில் செல்போன் செயலி மூலம் நாளொன்றுக்கு இருமுறை புகைப்படத்துடன் வருகை பதிவு செய்வது 2023 ஜனவரி முதல் கட்டாயமாக்கப்பட்டது. முறைகேட்டைத் தடுப்பதே நோக்கம் என்றது அரசு. நோக்கத்தில் குறை இல்லை. ஆனால், அலைவரிசை கிடைக்காத மலையோரக் கிராமத்தில் படம் பதிவேறாவிட்டால் அன்றைய கூலி என்னவாகும் என்ற கேள்விக்குச் செயலியில் பதில் இல்லை. மண் சுமந்தவர்கள் வேலைக்கே வராதவர்கள் ஆனார்கள். அந்த ஆண்டு பிப்ரவரியில் பல மாநிலத் தொழிலாளர்கள் தில்லி ஜந்தர் மந்தருக்கு வந்து போராட்டத்தில் இறங்கியதற்கு இதுவும் ஒரு காரணம்.

கணினியின் சொல்லைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பினால் என்ன நடக்கும் என்பதற்கு பிரிட்டன் ஒரு பாடம். நீதிமன்றத்தில் கணினிச் சான்றை முன்வைப்பவர், அந்தக் கணினி ஒழுங்காக இயங்கியது என்று நிரூபிக்க வேண்டும் என்ற சட்டப்பிரிவை 1999-ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் அந்நாடு நீக்கியது. அதே 1999-இல்தான் பிரிட்டிஷ் அஞ்சலகங்களில் ஹொரைசன் என்ற கணக்கு மென்பொருள் நிறுவப்படத் தொடங்கியது. அது இல்லாத பற்றாக்குறையைக் காட்டியது. 1999 முதல் 2015 வரை 900-க்கும் மேற்பட்ட துணை அஞ்சலக நடத்துநர்கள் திருட்டு, பொய்க்கணக்கு என்ற குற்றச்சாட்டுகளில் தண்டிக்கப்பட்டார்கள். அவர்களில் இந்திய வம்சாவளியினரும் உண்டு. சிலர் சிறை சென்றனர். பலர் சொத்தை இழந்தனர்.

மென்பொருளில் பிழைகள் இருந்தன என்று லண்டன் உயர் நீதிமன்றம் 2019 டிசம்பரில் தீர்ப்பளித்தது. தண்டனைகளை ஒட்டுமொத்தமாக ரத்து செய்ய பிரிட்டிஷ் நாடாளுமன்றம் 2024 மே மாதத்தில் தனிச் சட்டமே இயற்ற வேண்டியிருந்தது. நீதிமன்றங்கள் அளித்த தீர்ப்புகளை நாடாளுமன்றம் ஒரே வீச்சில் அழிப்பது அரிதினும் அரிது.

நமது சட்டம் அந்த அளவுக்கு அலட்சியமானதல்ல. 2000-ஆவது ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் வாயிலாகச் சாட்சியச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 65-பி பிரிவு, மின்னணு ஆவணத்துக்குச் சான்றிதழ் கோரியது. அது கட்டாயம் என்று 2020 ஜூலையில் உச்ச நீதிமன்றம் உறுதிப்படுத்தியது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாட்சிய சட்டத்தின் 63-ஆவது பிரிவிலும் இந்தப் பாதுகாப்பு தொடர்கிறது.

ஆனால், கணினி முறையாக இயங்கியதா என்பதைத்தான் இந்தச் சான்றிதழ் சொல்லும். கணினிக்குள் எழுதப்பட்ட நிரல் சரியானதா என்பதைச் சொல்லாது. ஹொரைசன் கணினிகளும் இயங்கிக்கொண்டுதான் இருந்தன. தவிரவும், சான்றிதழ் என்ற கேள்வி எழுவதே வழக்கு நீதிமன்றத்துக்குப் போன பிறகு. தாலுகா அலுவலகத்திலும் வரி அலுவலகத்திலும் கணினி சொல்வதற்குச் சான்றிதழ் கேட்பவர் யாரும் இல்லை.

குற்றத்தைப் பொறியாளர்களின் தலையில் மட்டும் கட்டுவதும் நியாயமல்ல. குறைந்த விலை கேட்டவருக்கு ஒப்பந்தம், அரசியல் தேவைக்கேற்பத் தொடக்க விழாத் தேதி, கட்டி முடித்த பிறகு விதிகளில் மாற்றம் என்று அவர்களது சிரமங்களை அரசே பெருக்குகிறது. ஜிஎஸ்டியில் திட்டமிடப்பட்ட மூன்று மாதாந்திரப் படிவங்களில் இரண்டு, வரி அமலுக்கு வந்த நான்கே மாதங்களில் நிறுத்திவைக்கப்பட்டன. விலைப்பட்டியல்களை ஒப்பிட்டுப் பார்க்கும் அடிப்படை ஏற்பாடு இரண்டு ஆண்டுகள் கடந்தும் நடைமுறைக்கு வரவில்லை என்று தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் 2019-ஆம் ஆண்டு அறிக்கை சுட்டிக்காட்டியது.

பொறியாளர்களின் கருவிகள் பற்றி அரசுக்கு எவ்வளவு புரிதல் இருந்தது என்பதற்கு 2014 டிசம்பர் சம்பவம் ஒன்றே போதும். பயங்கரவாத அமைப்பின் செய்திகள் இடம்பெற்றன என்று கூறி 32 இணையதளங்களை முடக்க உத்தரவிடப்பட்டது. நிரல் துணுக்குகளைப் பரிமாறிக்கொள்ளப் பொறியாளர்கள் பயன்படுத்தும் கிட்ஹப் கிஸ்ட் தளமும் அந்தப் பட்டியலில் இருந்தது. மென்பொருள் ஏற்றுமதியைப் பெருமையாகப் பேசும் நாடு, மென்பொருள் எழுதுபவர்களின் பட்டறைக்கே பூட்டுப் போட்டது. எதிர்ப்பு கிளம்பிய பிறகு பூட்டு திறக்கப்பட்டது.

செய்ய வேண்டியது என்ன? புதிய கொள்கை எதையும் தேட வேண்டியதில்லை. அரசு மென்பொருள்களின் மூலநிரலைப் பொதுவில் வைத்துக் கூட்டாக மேம்படுத்துவது என்று மத்திய அரசு 2015-இலேயே கொள்கை வகுத்துவிட்டது. கொரோனா காலத்தில் ஆரோக்கிய சேது செயலியின் ஆண்ட்ராய்டு மூலநிரல் 2020 மே 26-ஆம் தேதி வெளியிடப்பட்டது. கடும் விமர்சனத்துக்குப் பிறகே அது நடந்தது என்றாலும், முடியும் என்பதை அது காட்டியது. முடிந்ததை வழக்கமாக்குவதுதான் பாக்கி.

மூலநிரலை வெளியிட்டால் விஷமிகள் ஓட்டைகளைக் கண்டுபிடித்துவிடுவார்கள் என்ற வாதத்தை ஒதுக்கிவிட முடியாது. 2024 மார்ச்சில், எக்ஸ்இசட் என்ற திறந்த மூல மென்பொருளில் பராமரிப்பாளராகவே நுழைந்த ஒருவர் ரகசியக் கதவு ஒன்றைப் பொருத்தியது அம்பலமானது. ஆனால், அது அம்பலமானது எப்படி? இணைப்பு கிடைக்க அரை விநாடி தாமதமாகிறதே என்று சந்தேகப்பட்ட பொறியாளர் ஒருவர், நிரலைத் திறந்து பார்க்க முடிந்ததால் அம்பலமானது. பூட்டிய அறையில் இருந்திருந்தால் சந்தேகம் சந்தேகமாகவே நின்றிருக்கும். ராணுவம் போன்ற துறைகளுக்கு விலக்கு அளிக்கலாம். ரேஷனுக்கும் ஓய்வூதியத்துக்கும் எதற்கு ரகசியம்?

இரண்டாவதாக, குடிமக்களின் பணத்தையோ உரிமையையோ தீர்மானிக்கும் ஒவ்வொரு அரசு மென்பொருளுக்கும் பிழைப் பதிவேடு ஒன்று பொதுவில் இருக்க வேண்டும். எந்தப் பிழை எப்போது தெரியவந்தது, எப்போது திருத்தப்பட்டது, எத்தனை பேர் பாதிக்கப்பட்டார்கள் என்பதை அதில் எழுத வேண்டும். தொழில்முறைப் பொறியாளர்கள் தங்களுக்குள் இத்தகைய பதிவேட்டை எப்போதும் வைத்திருக்கிறார்கள். அதை மக்களிடமிருந்து மறைக்காமல் இருந்தால் போதும்.

மூன்றாவது, எல்லாவற்றிலும் முக்கியமானது. இணையதளம் பழுதாகிவிட்டது என்று ஒருவர் கூறினால், பழுதாகவில்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு அரசைச் சேர வேண்டும். அந்த இடைக்காலத்தில் அபராதம் கூடாது. கூலியை நிறுத்தக் கூடாது. காகித மனுவை வாங்கிக்கொள்ள ஓர் அலுவலர் இருக்க வேண்டும். இதற்குச் சட்டத்திருத்தம் தேவை. அதைச் செய்யக்கூடியது நாடாளுமன்றம் மட்டுமே.

மக்களவையிலும் மாநிலங்களவையிலும் மின்னாளுமை பற்றிய கேள்விகளுக்குக் குறைவில்லை. எவ்வளவு ஒதுக்கப்பட்டது, எவ்வளவு செலவழிந்தது, எத்தனை பேர் பதிவு செய்தார்கள் என்று உறுப்பினர்கள் கேட்கிறார்கள். அமைச்சர்கள் கோடிகளில் பதில் தருகிறார்கள். அந்தக் கேள்விகளோடு இன்னும் சிலவற்றைச் சேர்த்துக்கொள்ளட்டும். தொடக்க விழாவுக்கு முன்பு இந்த மென்பொருளைச் சோதித்தவர் யார்? இன்றைய தேதியில் திருத்தப்படாமல் நிற்கும் பிழைகள் எத்தனை? பராமரிப்புக்கு ஆண்டுதோறும் எவ்வளவு பணம் ஒதுக்கப்படுகிறது? பிழையால் பாதிக்கப்பட்டவர்களில் எத்தனை பேருக்கு நிவாரணம் கிடைத்தது? அமைச்சர்கள் இவற்றுக்கு எழுத்துப்பூர்வமாகப் பதில் சொல்ல வேண்டிய நாள் வந்தால், பதிலைத் தேடியாவது அதிகாரிகள் கணக்கு வைக்கத் தொடங்குவார்கள்.